பல் விழுந்த கனவும் பெரியம்மாவின் கணக்கும்

எனக்குப் பிழைப்பே பல்தான். மதுரையில் ஒரு சந்துக்குள் சின்னதாக டென்டல் லேப் வைத்திருக்கிறேன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நானும் கூட இருக்கிற பையன்களும் பல்செட், கேப், பிரிட்ஜ் என்று செய்து கொடுப்போம். யாருக்குச் செய்கிறோமோ அவர் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். வாயின் அச்சு மட்டும்தான் மேசைக்கு வரும். அதை வைத்தே இவர் பாக்கு மெல்லுகிறவர், இவர் ஒரு பக்கமாகவே சாப்பிடுகிறவர், இந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பல் என்றால் எனக்குப் பயமும் கிடையாது, அருவருப்பும் கிடையாது. டீ குடிக்கிற டம்ளருக்குப் பக்கத்திலேயே யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை இருக்கும்.

அதனால்தான் பல் விழுவது போலக் கனவு வந்தபோது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையெல்லாம் பிறகுதான். எழுந்த நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கனவு இதுதான். ஏதோ ஒரு கல்யாணப் பந்தி. யார் கல்யாணம் என்று தெரியவில்லை. மண்டபம் மட்டும் ரொம்பப் பழக்கமானது போல இருக்கிறது. இலை போட்டாயிற்று. அப்பளத்தை எடுத்துக் கடிக்கிறேன், நொறுங்கியது அப்பளம் இல்லை என்று நாக்குக்குத் தெரிகிறது. மேல் முன்பல் ஒன்று சுவர்ப்பூச்சு உதிர்வது போலக் கழன்று வருகிறது. வலி இல்லை, ரத்தம் இல்லை. கையில் துப்புகிறேன். அடுத்தது வருகிறது. அதற்கடுத்தது. வாய்க்குள் இருக்க வேண்டியதை விட அதிகமாக வந்துகொண்டே இருக்கிறது. நான் கத்தவில்லை. தொழில் புத்தி, பிரித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். இது மேல் வலது முன்பல், இது கோரைப்பல், இது கீழ்க் கடைவாய். இலையின் ஓரத்தில், உப்பும் ஊறுகாயும் வைக்கிற இடத்தில், வரிசையாக அடுக்குகிறேன். பரிமாறுகிறவர் வந்து அதன் மேலேயே சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிறார். எதிர் வரிசையில் அப்பா. அவர் இறந்து சில வருஷம் ஆகிறது. நான் செய்து கொடுத்த பல்செட்டைப் போட்டுக்கொண்டு, என் இலையை எட்டிப் பார்த்து, “கலர் சேரலையேப்பா” என்கிறார். சிரிக்கிறார். அவர் வாயில் பல் நிறைய இருக்கிறது. ஒரு ஆளுக்கு இருக்கக்கூடாத அளவுக்கு நிறைய.

அங்கே முழித்துவிட்டேன். முதல் வேலையாக நாக்கால் பல்லைத் துழாவினேன். எல்லாம் இருந்தது. இரண்டு பக்கத் தாடையும் விண்விண்ணென்று வலித்தது.

மனைவி அசையாமல் கேட்டுவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாதீங்க. மொதல்ல பைப்பத் தொறந்துவிட்டு ஓடுற தண்ணிகிட்டச் சொல்லிட்டு வாங்க” என்றாள். போய்ச் சொன்னேன். மாநகராட்சித் தண்ணீர் வராத நேரம், மேல்தொட்டித் தண்ணீரிடம்தான் சொன்னேன். அதற்குச் சக்தி உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் கனவு வந்தால் கடைசியில் போய் நிற்கிற இடம் திருமங்கலம் பெரியம்மா. அம்மாவுக்கு மூத்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். பாம்பு கடித்தால் நல்லது, துரத்தினால் சனி. யானை துரத்தினால் பிள்ளையாருக்கு ஏதோ நேர்ந்துவிட்டு மறந்திருக்கிறாய். மலத்தை மிதித்தால் காசு. செத்தவர் கூப்பிட்டால் கூடப் போகக்கூடாது, சாப்பாடு கேட்டால் அமாவாசைக்குப் படைக்க வேண்டும். கல்யாணம் கண்டால் சாவு, சாவு கண்டால் கல்யாணம். இதெல்லாம் அவருக்கு வாய்ப்பாடு. என் கனவில் பல்லும் கல்யாணமும் செத்த அப்பாவும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

விடிந்ததும் போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

“மேப்பல்லா கீப்பல்லாப்பா?”

“ரெண்டும் பெரியம்மா.”

“மொதல்ல எது?”

“மேல.”

“ரத்தம் வந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப ரத்த சொந்தம் இல்ல. கொஞ்சம் தள்ளிப் போன சொந்தம். மேப்பல்லுன்னா மூத்தவக. உங்கப்பன் சாப்பிட்டாரா, சும்மா உக்காந்திருந்தாரா?”

“அவரு இலையப் பாக்கல பெரியம்மா. என் இலையத்தான் பாத்தாரு.”

“எத்தன மணி இருக்கும்?”

“விடியக்கால.”

ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, “பிள்ளையாருக்குச் செதறுகா ஒண்ணு போட்டுரு. காக்காய்க்குச் சோறு வெய்யி. பயப்படாத” என்றார். பயப்படாதே என்று சொன்னதில்தான் எனக்குப் பயம் வந்தது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது பெரியம்மா கண்டுபிடித்தது இல்லை. இதற்குப் பழைய கனா நூல் செய்யுளே இருக்கிறது. இரவை நாலு சாமமாகப் பிரித்துக் கெடு வைக்கிறது. முதல் சாமத்தில் கண்டால் ஒரு வருஷத்தில் பலிக்கும், இரண்டாம் சாமம் என்றால் எட்டு மாதம், மூன்றாம் சாமம் மூன்று மாதம், கடைசிச் சாமம் என்றால் பத்தே நாள். கடன் பத்திரம் மாதிரி அழகாகத் தவணை போட்டு வைத்திருக்கிறார்கள்.

விடியற்காலைக் கனவுக்கு ஏன் இந்த மவுசு என்பதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் பதில் உண்டு. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மேன் என்ற இரண்டு பேர், தூக்கத்தின் நடுவே மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடுகிற கட்டம் ஒன்று வந்து வந்து போகிறது என்று எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு சொல்கிறார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அது வருகிறது. முன்னிரவில் சில நிமிஷங்களோடு முடிந்துவிடும், விடிய விடிய நீண்டுகொண்டே போகும். ஆக, நீளமான, விலாவாரியான கனவெல்லாம் கடைசிச் சாமத்தில்தான் வருகிறது. அதிலிருந்து நேராக முழித்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. முதல் சாமத்துக் கனவு பலிக்கிறதோ இல்லையோ, காலையில் யாருக்கு அது ஞாபகம் இருக்கிறது, சரிபார்ப்பதற்கு?

மதுரைக்காரனுக்குக் கெட்ட கனவு என்றால் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. அதில் கெட்ட கனவுக்குப் பஞ்சமே இல்லை. கண்ணகி புகாரில் இருக்கும்போதே காண்கிறாள். கோவலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய ஊர் ஒன்றுக்குள் போகிறான், ஊரார் வீண்பழி போடுகிறார்கள், அவள் அரசன் முன்னால் போய் நிற்கிறாள். அவள் தோழி தேவந்தி கேட்டுவிட்டுப் பரிகாரம் சொல்கிறாள். கடல் பக்கத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கை உண்டு, அதில் முழுகிக் காமவேள் கோயிலில் தொழுதால் கணவனோடு சேர்ந்திருக்கலாம் என்று. என் மனைவியின் தண்ணீர்ப் பைப்புக்கு வம்சம் அங்கிருந்தே வருகிறது போல. கண்ணகி அது பெருமை இல்லை என்று இரண்டே சொல்லில் மறுத்துவிடுகிறாள். கோவலன் மதுரைக்கு வெளியே மாடலன் என்ற மறையவரிடம் தன் கனவைச் சொல்கிறான். உடுத்திய துணியை இழந்து எருமைக்கடா மேல் ஏறிப் போவதாக. பிறகு பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவி, குடையும் செங்கோலும் விழக் காண்கிறாள். மூன்றும் பலிக்கின்றன.

பலிக்காமல் என்ன செய்யும்? காவியத்தில் கனவைக் கண்டவருக்கு முடிவு தெரியாது, எழுதுகிறவருக்குத் தெரியும். காவியத்தில் ஒருத்தி சும்மா கனவு கண்டு, எழுந்து, மறந்துவிட்டு, மாவாட்டப் போனாள் என்று யாரும் எழுதுவதில்லை. நாம் வீட்டில் சொல்லிக்கொள்கிற கனவுக் கதைகளும் அதே மாதிரி முடிவு தெரிந்த பிறகு சொல்கிற கதைகள்தானே.

இதற்கு நடுவில் ராத்திரி உட்கார்ந்து போனில் தேடிப் படித்தேன். மனதை ஆராய்ந்த டாக்டர் ஃப்ராய்டு, 1900 என்று போட்டு வந்த தன் கனவுப் புத்தகத்தில், பல் விழும் கனவை ஆண்பிள்ளைகளின் சுய இன்பத்தோடு முடிச்சுப் போடுகிறார். பெரியம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தவர் அவரை விட ரொம்பப் பழைய ஆள், இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கர் அர்டெமிடோரஸ். ஊர் ஊராகப் போய்க் கனவு சேகரித்து, கனவுக்குப் பலன் சொல்வது எப்படி என்று ஐந்து பாகம் எழுதியவர். அவர் பல் கணக்கைப் படித்தபோது நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். வாய்தான் வீடு, பல்தான் வீட்டு ஆட்கள். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். மேல்வரிசை வீட்டில் பெரியவர்கள். திருமங்கலத்துக்கும் கிரேக்க நாட்டுக்கும் நடுவில் யார் போய் வந்தார்கள் என்று தெரியவில்லை. கடன்காரனுக்குப் பல் விழுந்தால் கடன் அடையும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவரிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, கனவைக் கேட்பதற்கு முன்னால் கண்ட ஆளைப் பற்றி விசாரிக்கச் சொல்வது. என்ன தொழில், என்ன வசதி, என்ன வயது, எந்த ஊர் வழக்கம். ஒரே கனவு ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு வேறு. இன்றைக்குப் போனில் ‘பல் விழுவது போல் கனவு’ என்று தட்டினால் வருகிற எதுவும் நீ யார் என்று கேட்பதில்லை. பல் விற்கிறவனுக்கும் பலன் ஒன்றுதான், பல் இல்லாதவனுக்கும் ஒன்றுதான்.

சரி, தாடை வலிக்கு வருகிறேன்.

கனவு திரும்பத் திரும்ப வந்தது. பந்தி இல்லாமல் பஸ்ஸில் வந்தது, பரீட்சை ஹாலில் வந்தது, பல் மட்டும் தவறாமல் உதிர்ந்தது. எழும்போதெல்லாம் தாடை இறுகிக் கிடக்கும், நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும். நான் வேலை செய்து கொடுக்கிற டாக்டர் ஒருவரிடம் மாடலைக் கொடுக்கப் போனவன், “சார், என் வாயையும் ஒருதரம் பாருங்க” என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அவர் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஊருக்கெல்லாம் கடிமானம் பாக்குறீங்க. உங்க கோரைப்பல்லு நுனி எங்க போச்சு?”

போயிருந்தது. நாய்க்கு இருப்பது போலக் கூராக இருக்க வேண்டிய நுனி தட்டையாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. நாக்கின் ஓரம் முழுக்கப் பல் பதிந்த வளைவுகள். தாடைத் தசையைக் கட்டைவிரலால் அழுத்தினார், கண்ணில் தண்ணீர் வந்தது. ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம்தான். மனைவியிடம் கேட்டால், “அதா? வருஷக்கணக்கா கடிக்கிறீங்க. எலி சுரண்டுதுன்னு ஆரம்பத்துல லைட்டப் போட்டுப் பாத்தேன்” என்கிறாள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையாம்.

டாக்டர் மாத்திரை விவரமும் கேட்டார். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளால் பல் கடிப்பது வரலாம். பி.பி.க்குக் கொடுக்கிறவற்றில் ப்ராப்ரனலால், மெட்டோப்ரலால் மாதிரியானவை சிலருக்குப் படம் போடுவது போலக் கனவைக் கொண்டுவரும். நான் போடுவது ஆம்லோடிபின், அந்த வகை இல்லை. புது மாத்திரை ஆரம்பித்த பிறகு பயங்கரக் கனவு வந்தால் ஜோசியரிடம் போவதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போங்கள். நாமாக நிறுத்தவும் கூடாது.

கனவுக்கும் கடிப்பதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. நானே தேடியதில் 2018இல் இஸ்ரேலில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த ஓர் ஆய்வு கிடைத்தது. 210 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். பல் விழும் கனவு மனக்கவலையோடு ஒட்டவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கம், கூச்சம் இருப்பதோடுதான் ஒட்டியது. தூங்குகிற உடம்பு அனுப்புகிற சேதியைக் கனவு பிடித்துக்கொள்கிறது என்பது பழைய யோசனைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்பிரட் மோரி என்ற பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சுப் புரட்சியில் தன்னைப் பிடித்து விசாரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கழுத்தை வெட்டுவதாகக் கனவு கண்டு முழித்தார். கட்டிலின் தலைமாட்டுச் சட்டம் ஒன்று கழன்று கழுத்தில் விழுந்திருந்ததாம்.

தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற உறைக்கு நைட் கார்டு என்று பெயர். எனக்கு வேண்டியதை நானே செய்துகொண்டேன். என் வாய்க்கு அளவெடுத்து, பல் அச்சைக் கல்லாக வார்த்து, மெழுகில் உருவம் பிடித்து, பிளாஸ்க் என்கிற அச்சுப்பெட்டியில் அடைத்து, பல்செட்டுக்குப் போடுகிற அதே அக்ரிலிக்கைத்தான் போட்டேன். தூளும் திரவமும் கலந்த மாவு, சுடுதண்ணீரில் மெதுவாக வெந்து இறுகும். அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ் விழுந்துவிடும். பையன்கள் என் மாடலை வைத்துக்கொண்டு, “அண்ணே, இது யாரு கேஸு, இவ்வளவு தேஞ்சிருக்கு” என்றார்கள். சொல்லவில்லை.

நைட் கார்டு கடிப்பதை நிறுத்தாது, பல்லைத்தான் காப்பாற்றும். நிறுத்தாது என்பதற்குச் சாட்சி அதன் மேலேயே இருக்கிறது. பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்தது, கொஞ்ச நாளில் இடது பக்கக் கோரைப்பல் இடத்தில் ஒரு மங்கலான பள்ளம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உள்ளிருந்து வெளியே போகும் மெல்லிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்று. வலது பக்கத்தில் அவ்வளவு இல்லை. கனவு குறைந்தது. அடியோடு போகவில்லை.

இத்தோடு முடிந்தது என்று எழுதியிருப்பேன். பல் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாடை பதில் சொல்லிவிட்டது. அப்பாவும் இலையும் சாம்பாரும் எங்கிருந்து வந்தன என்பதற்கு நைட் கார்டிடம் பதில் இல்லை.

‘கலர் சேரலை’ என்பது சுலபம். அந்த வாரம் ஒரு கிளினிக்கிலிருந்து பிரிட்ஜ் ஒன்று திரும்பி வந்திருந்தது. ஏ-2 என்கிற நிறம் கேட்டார்கள், ஏ-2 தான் செய்தேன், நோயாளி கண்ணாடியில் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறார். சீட்டில் அந்த வார்த்தைதான் இருந்தது. இப்போது டாக்டர்கள் வாய்க்குள்ளேயே ஸ்கேனரை விட்டுப் படமெடுத்து, பைலாக அனுப்பிவிடுகிறார்கள். பெரிய லேப்களில் சிர்கோனியா என்கிற பீங்கான் கட்டியை மெஷின் செதுக்குகிறது. மெழுகில் கத்தி வைத்து இழைக்கிற என் கைக்கு வேலை குறைகிறது. மெஷின் வாங்கப் பேங்க் லோன் போட்டிருக்கிறேன். அர்டெமிடோரஸின் கடன் வரி எனக்கு ஏன் இனித்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அப்பா விஷயம் வேறு. அவர் மில் தொழிலாளி. புகையிலையில் பல்லையெல்லாம் விட்டவர். தொழில் கற்று முடித்து நான் முழுசாகச் செய்த முதல் பல்செட்டுகளில் ஒன்று அவருடையது. போட்டுப் பார்த்துவிட்டு, “சினிமாக்காரன் பல்லு மாதிரி இருக்கு, ஊர்ல எவனும் நம்ப மாட்டான்” என்று கழற்றி வைத்துவிட்டார். திரும்பப் பழுப்புக் கூடுதலாக எடுத்து, முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லைக் கொஞ்சம் திருப்பி, வேண்டுமென்றே கோணலாக வைத்துச் செய்தேன். அது அவருக்குப் பிடித்தது. பிடித்தாலும் கல்யாணங்காட்சிக்குத்தான் போடுவார். மற்ற நாளெல்லாம் ஜன்னலோரம் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். அவரைப் பல்லோடு நான் அதிகம் பார்த்தது பந்தியில்தான்.

அவர் இறந்த அன்று, தாடையைத் துணியால் கட்டுவதற்கு முன்னால் சித்தப்பா என் காதருகே வந்து, “பல்லு இருக்காப்பா? இப்படியே விட்டா கன்னம் ஒட்டிப் போயிருக்கு” என்றார். டம்ளரிலிருந்து எடுத்துத் துடைத்து நானே போட்டுவிட்டேன். உதடு எழும்பி, கன்னம் நிறைந்து, முகம் அவர் முகமாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் தூங்குகிற மாதிரியே இருக்கு என்றார்கள். அப்படியே தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம்.

மறுநாள் எலும்பு பொறுக்கும்போது, எல்லாரும் எதை எதையோ எடுத்துச் சட்டியில் போட, நான் மட்டும் தலைமாட்டுப் பக்கம் சாம்பலை விரலால் கிளறிக்கொண்டிருந்தேன். பல்லைத் தேடியிருக்கிறேன். அக்ரிலிக் எரிந்தால் எதையும் மிச்சம் வைக்காது, அது என் தொழில், எனக்குத் தெரியாதா. இருந்தும் தேடினேன். வெட்டியான் பார்த்துவிட்டு, “என்ன சாமி, தங்கப்பல்லா?” என்றார். இல்லை என்றேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பெரியம்மாவிடமும் சொல்லவில்லை. கனவில் வரிசை வரிசையாகப் பிரித்து அடுக்கியது அவருக்காகத்தான் என்று எனக்குள் ஒரு நிச்சயம் இருக்கிறது. எந்தக் கனா நூலிலும் இதற்குச் செய்யுள் கிடையாது.

இப்போது பெரியம்மா ஜெயித்த கதை. கடைசிச் சாமத்துக் கெடு தாண்டுவதற்குள் சிவகாசியில் அப்பாவின் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் தவறிவிட்டார். தொண்ணூறு வயதுக்கு மேல். படுக்கையில் கிடந்தவர்தான். போன் வந்த உடனே அடுத்த போன் திருமங்கலத்திலிருந்து.

“ரத்த சொந்தம் இல்லேன்னேன், பாத்தியா? மூத்தவகன்னேன், பாத்தியா?”

எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் எண்பதுக்கு மேல் இருப்பவர்களை எண்ணினால் ஒரு மினிபஸ் நிறையும். எந்தப் பத்து நாளை எடுத்தாலும் அதில் யாருக்காவது ஏதாவது ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. கனவு வராத வாரங்களிலும் இழவுக்குப் போய் வந்திருக்கிறேன். இதை விளக்கிச் சொன்னேன். “சரிப்பா, சரிப்பா” என்று கேட்டுக்கொண்டார். கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு நான் நைட் கார்டு, தாடை இறுக்கம், இஸ்ரேல் ஆய்வு எல்லாவற்றையும் சத்தமாக, காதில் விழுகிற மாதிரி, எடுத்துச் சொன்னேன். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் பல் கனவு வருகிறது, அவ்வளவுதான் என்று. பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப எனக்கு ஏம்ப்பா வருது?” என்றார்.

“என்ன வருது?”

“பல்லு விழுற கனவுதான். போன வாரங்கூட வந்துச்சு. எனக்குத்தான் வாயில ஒரு பல்லு இல்லியே. நீ செஞ்சு குடுத்ததையும் ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுட்டுத்தான படுக்குறேன்.”

கீழ்ப் பல்செட் லூசாகி ஈறில் உரசுகிறதா, புண் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் ஆடுகிறது என்றார். ஈறை டாக்டரிடம் காட்டிவிட்டு, செட்டின் உள்பக்கத்தை ஈறுக்குப் பொருந்துகிற மாதிரி ரீலைன் பண்ணித் தருகிறேன், திங்கள்கிழமை யாராவது வண்டியில் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றேன்.

“அது ஆடுறது பகல்லப்பா. நான் கேட்டது ராத்திரிய” என்றார்.